அல்வா ருசியில புரோட்டீன் ஸ்மூத்தி வீட்லயே எங்ஙன போடுதீக?

பாளை_ஜிம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல இருக்கேன், எடை 68 கிலோ, காலைல ஜிம் முடிச்சு அப்படியே வேலைக்கு ஓடுத ஆளு. இனிப்ப நல்லா கொறைச்சாச்சு, ஆனா டவுன்ல நெல்லையப்பர் கோயில் பக்கம் போனா அந்த நெய் வாசம் ஆள சும்மா விட மாட்டேங்கு, இந்த ஊர்ல பொறந்துட்டு அல்வாவ மறன்னா எங்ஙன மறக்க. அதான் ஒரு யோசனை, எப்படியும் தெனம் ஒரு புரோட்டீன் ஷேக் குடிக்கோம், அதையே அல்வா மாதிரி, உளுந்தங்களி மாதிரி, கடலைமிட்டாய் மாதிரி போட்டுக்கிட்டா என்ன?

இப்ப பண்ணுறது பால், ஒரு வாழைப்பழம், ஒரு ஸ்கூப் வெண்ணிலா வே பவுடர் (பால்லயிருந்து பிரிச்செடுத்த புரோட்டீன்), எல்லாத்தையும் ஒண்ணா மிக்சில போட்டு அடிக்கிறதுதான். மேல பாதி டம்ளர் நுரையா நிக்கி, அடியில பவுடர் கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு கெடக்கு, வாயில வச்சா எசன்ஸ் நெடிதான் தூக்கலா வருது. வீட்ல கிடைக்கிற சாமான வச்சு நம்ம ஊரு ருசிக்கு போடுதவுக யாராவது இருந்தா வெவரமா சொல்லுங்க. பவுடர் இல்லாம முடியும்னாலும் சொல்லுங்க.

சிந்துபூந்துறை:
கட்டி விழுறதுக்கு மட்டும் இப்ப சொல்லுதேன் தம்பி. பவுடர மொதல்ல ஜார்ல கொட்டாத. பால ஊத்தி, பழத்த போட்டு அது நல்லா மைய அடிபட்ட பெறவு, கடைசில பவுடர தூவி பல்ஸ் பட்டன ரெண்டு மூணு தடவ தட்டினா போதும். நுரை வர்றதுக்கு காரணமும் அதான், வே புரோட்டீன் காத்த பிடிச்சு வச்சுக்கிடும், எவ்வளவு நேரம் ஓட்டுதமோ அவ்வளவு நுரை. அடிச்சிட்டு ஒரு அஞ்சு நிமிசம் ஃப்ரிட்ஜ்ல வச்சா பாதி நுரை அடங்கிரும்.

அம்பை_அக்கா:
தம்பி, நல்ல கேள்வி கேட்ட, நான் வீட்ல பிள்ளைகளுக்கு போடுதத அப்படியே சொல்லுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

அல்வா ருசி எதுல இருக்குன்னு மொதல்ல பிரிச்சு பாக்கணும். பால்ல சீனியும் நெய்யும் போட்டா அல்வா ருசி வராது. அதுல மூணு விசயம் இருக்கு. ஒண்ணு சம்பா கோதுமை வெந்த வாசம், ரெண்டாவது சீனி கருகாம செவந்து வர்ற அந்த லேசான கசப்பு கலந்த இனிப்பு, மூணாவது தொண்டையில வழுக்கிக்கிட்டு எறங்குத பதம். இந்த மூணும் கஞ்சிலயே வந்துரும், பவுடருக்கு அங்க வேலையே இல்ல, அது புரோட்டீனுக்கு மட்டும்தான். நீ பவுடர்ட்ட போய் ருசிய கேக்குத, அதான் எசன்ஸா அடிக்கு.

ராத்திரியே செஞ்சு வைக்கணும். சம்பா கோதுமை மாவு ஒரு பெரிய ஸ்பூன், அரை டீஸ்பூன் நெய் விட்டு சின்ன தீயில வறு. பச்சை வாசம் போயி, பிஸ்கட் சுடுத வாசம் வரும் பாரு, அப்ப நிறுத்திரு. அரை டம்ளர் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கட்டியில்லாம கிண்டு, பளபளன்னு ஆகி கரண்டிய தூக்கினா அறுபடாம நாடா கணக்கா விழணும். இன்னொரு சின்ன சட்டில ரெண்டு டீஸ்பூன் சீனிய தண்ணி ஊத்தாம உருக்கு, தேன் நிறம் தாண்டி நல்லா செவந்த ஒடனே அடுப்ப அணைச்சிட்டு மூணு ஸ்பூன் வெந்நிய தள்ளி நின்னு ஊத்து, டப்புன்னு தெறிக்கும், மூஞ்சிய கிட்ட கொண்டு போகாத. அந்த செவந்த பாக அப்படியே கஞ்சில ஊத்தி ஒரு சிட்டிகை உப்பு போட்டு கலக்கி, ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிரு.

காலைல அந்த கஞ்சி, 200 மில்லி குளுந்த பால், ரெண்டு வறுத்த முந்திரி, மூணும் ஒரு அடி. பெறவு சிந்துபூந்துறைக்காரவுக சொன்ன மாதிரி கடைசில ஒரு ஸ்கூப் பவுடர், பல்ஸ். வெண்ணிலாவோ சாக்லேட்டோ வாங்காத, ஃபிளேவர் போடாதத வாங்கு. வாசனை போட்ட பவுடர் கோதுமை வாசத்த மொத்தமா அமுக்கிப்போடும்.

ஒண்ணு முக்கியம். நெய்ய மேல ஊத்தி அடிச்சிராத. குளுந்த பால்ல நெய் விழுந்த ஒடனே மணி மணியா உறைஞ்சு மேலண்ணத்துல போயி ஒட்டிக்கிடும், குடிக்கவே பிடிக்காது. மாவோட சேத்து வறுத்தா அந்த நெய் கஞ்சிக்குள்ள போயிரும், வாசம் மட்டும் நிக்கும்.

பாளை_ஜிம்காரன்:
அக்கா இது வேற லெவல். உப்பு எதுக்கு, அல்வால உப்பு போடுவாகளா?

அம்பை_அக்கா:
அல்வாக்காக இல்ல தம்பி. பவுடர்ல ஒரு கசப்பு இருக்கும், பாக்கெட்ல சுக்ரலோஸ், ஸ்டீவியான்னு சீனிக்கு பதிலா சேக்குத இனிப்பு எதுவும் போட்டிருந்தா இன்னும் கூடுதலா நாக்குல நிக்கும். ஒரு சிட்டிகை உப்பு அந்த கசப்ப அமுக்கி இனிப்ப தூக்கிக் காட்டும். சீனிய கொறைக்கவும் அது ஒதவும்.

வண்ணாரப்பேட்டை_அண்ணாச்சி:
எனக்கு இந்த பவுடர் சமாச்சாரமே பிடிக்கல, நேராவே சொல்லிருதேன். ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2024ல விட்ட உணவு வழிகாட்டிலயே உடம்ப ஏத்துறதுக்குன்னு புரோட்டீன் பவுடர் சாப்பிடாதீங்கன்னு சொல்லி இருக்கு. நம்ம தாத்தா பாட்டி உளுந்தும் கடலையும் தின்னு வயல்ல வேலை பாத்தாக. இந்த தலைமுறை டப்பாவ நம்பி காச கொட்டுது, அதுல என்ன கலந்திருக்குன்னு வாங்குதவனுக்கும் தெரியாது விக்குதவனுக்கும் தெரியாது. பிள்ளைக உடம்பு முக்கியம், அதுக்காக சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீக.

சத்துணவு_தென்காசி:
அண்ணாச்சி சொல்லுறதுல ஞாயம் இருக்கு. நான் உணவியல் படிச்சு தென்காசில வேலை பாக்கேன், என் பங்குக்கு கணக்க மட்டும் வைக்கேன்.

சாதாரணமா ஒரு ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன்னு ஐசிஎம்ஆர் 2020ல சொன்ன அளவு. தம்பி 68 கிலோன்னா சுமாரா 56 கிராம். தெனம் எடை தூக்கி பயிற்சி பண்ணுதவுகளுக்கு விளையாட்டு உணவியல் பக்கம் 1.4 முதல் 2 கிராம் வரை சொல்லுதாக, கீழ் அளவ எடுத்தாலே 95 கிராம் வருது. காலைல இட்லி சட்னி, மத்தியானம் சோறு சாம்பார், ராத்திரி தோசைன்னு ஓட்டுதவுக நெறைய பேரு 56ஐ தொடுறதே கஷ்டம். ஒரு முட்டைல 6 கிராம், 200 மில்லி பால்ல ஆறரை கிராம், 30 கிராம் பொட்டுக்கடலைல ஆறரை, 30 கிராம் நிலக்கடலைல ஏழரை, 100 கிராம் பனீர்ல 18 பக்கம். சாப்பாட்டுலயே இத சேத்துக்கிட்டா டப்பா தேவையில்ல, அண்ணாச்சி சொல்லுறதும் அதான். நேரமில்லாதவுக, சைவம் மட்டும் சாப்பிடுதவுக ஒரு ஸ்கூப் எடுக்குறத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வாங்கும்போது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கா பாருங்க, ஒரு ஸ்கூப்புக்கு எத்தன கிராம் புரோட்டீன்னு பாருங்க, 30 கிராம் ஸ்கூப்புல 24 கிராம் பக்கம் இருந்தா சரி, 12, 15ன்னு போட்டிருந்தா மிச்சம் மாவும் சீனியும்தான்.

கிட்னி நல்லா இருக்குறவுகளுக்கு இந்த அளவுல பயம் இல்ல. ஏற்கெனவே கிட்னி தொந்தரவு இருக்குறவுக, கிரியேட்டினின் கூடுனவுக டாக்டர்ட்ட கேக்காம தொடக்கூடாது, அதுல சமரசமே கிடையாது.

வண்ணாரப்பேட்டை_அண்ணாச்சி:
இப்படி கணக்கு வச்சு சொன்னா நானும் ஏத்துக்கிடுதேன் தாயி. அப்ப டப்பா இல்லாம 20 கிராம் வர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, எங்க வீட்லயும் பேரன் ஒருத்தன் ஜிம்முக்கு போறான்.

சத்துணவு_தென்காசி:
200 மில்லி பால், 30 கிராம் பொட்டுக்கடலை மாவு, 20 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர். பால் பவுடர் 20 கிராம்ல மட்டும் 7 கிராம் இருக்கு, ரெண்டு குவிஞ்ச பெரிய ஸ்பூன் அளவுதான். மொத்தம் 20 கிராம் தொட்டிரும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்தது, அப்படியே அரைச்சு போடலாம். பச்சை கடலை மாவ மட்டும் வேகவைக்காம போடாதீக, வயிறு உப்பும்.

திசையன்விளை_மைனி:
உளுந்தங்களிய யாரும் தொடலியே, நான் சொல்லுதேன். எங்க பக்கம் வயசுக்கு வந்த பிள்ளைக்கும் பிள்ளை பெத்தவளுக்கும் இடுப்பு பலத்துக்குன்னு களி கிண்டி குடுப்பாக, கருப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், அவ்வளவுதான். அத ஸ்மூத்தியா ஆக்குறது அல்வாவ விட ஈசி, ருசியும் என்னய கேட்டா அல்வாவ விட ஒரு படி மேல.

தோலோட கருப்பு உளுந்த வெறுஞ்சட்டில வறுத்து மாவாக்கி டப்பால வச்சுக்கிடுங்க. 20 கிராம் மாவ ஒரு டம்ளர் தண்ணில கரைச்சு அடுப்புல வச்சு கிண்டணும். உளுந்து நெறைய தண்ணி குடிக்கும், 20க்கு மேல போட்டா ஸ்மூத்தி இல்ல, களியாவே ஆயிரும். நல்லா வேகணும், விரல நனைச்சுக்கிட்டு தொட்டா மாவு ஒட்டக்கூடாது. கருப்பட்டிய தனியா ஒரு ஸ்பூன் தண்ணில கரைச்சு கண்டிப்பா வடிகட்டுங்க, பதநீர் எறக்குத கலயத்துல சுண்ணாம்பு தடவுவாக, அதுலயிருந்து வர்ற பொடியும் மண்ணும் அடியில நிக்கும். ஆற வச்சு பெறவுதான் பால்ல சேக்கணும். கொதிக்கிற பால்ல கருப்பட்டிய போட்டா பால் திரிஞ்சு போயிரும்.

ஆறின உளுந்து கஞ்சி, கருப்பட்டி, 200 மில்லி பால், 20 கிராம் பால் பவுடர், கால் ஸ்பூன் சுக்குப் பொடி. கடைசில ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய். நெய் மாதிரி இது உறையாது, குளுந்த பால்லயும் எண்ணெயாவே இருக்கும், மேல மினுமினுன்னு நிக்கும், அந்த வாசம்தான் களிக்கே உயிரு. புரோட்டீன் எவ்வளவுன்னு தென்காசிக்காரவுக சொல்லட்டும்.

சத்துணவு_தென்காசி:
உளுந்து மாவுல நாலரை, பால் ஆறரை, பால் பவுடர் 7. மொத்தம் 18 கிராம் மைனி. உளுந்து மாதிரி பருப்புல மெத்தியோனின்னு ஒரு அமினோ அமிலம் கொறைவு, பால் அத ஈடு கட்டிரும், அதனால இந்த சேர்க்கை நல்ல சேர்க்கை.

களக்காட்டு_வாழை:
எங்க ஊரு ஏத்தம்பழத்த, அதான் நேந்திரம் பழத்த, விட்டுட்டு ஸ்மூத்தி பேசுறது சரியில்ல. தோல்ல கரும்புள்ளி விழுந்து, கை வச்சா அமுங்குத பதத்துல உள்ள பழம், வட்ட வட்டமா நறுக்கி தட்டுல பரப்பி ஃப்ரீசர்ல ராத்திரி பூரா வைக்கணும். மொத்தமா டப்பால போட்டா எல்லாம் ஒட்டி கல்லாயிரும், தட்டுல பரப்பி ஒறஞ்ச பெறவு டப்பாவுக்கு மாத்தணும். அத போட்டு அடிச்சா ஐஸ் கட்டியே வேண்டாம், ஐஸ்கிரீம் மாதிரி கெட்டியா வரும். ஐஸ் கட்டி போட்டா உருகி தண்ணியாயி ருசி நீத்துப்போகும். காய்வாட்டா இருக்குத பழத்த போடாதீக, துவர்ப்பு நிக்கும். நல்லா பழுத்ததுக்கு வெல்லம் சீனி எதுவுமே வேண்டாம்.

பாளை_ஜிம்காரன்:
ஏத்தம்பழம் அல்வா வகையில சேருமா அண்ணே?

களக்காட்டு_வாழை:
அல்வாவுக்கு வேண்டாம், பழ ருசி முன்னால வந்து கோதுமைய மறைச்சிரும். கடலைமிட்டாய் வகைக்கு போடு, அதுக்கு அம்சமா இருக்கும்.

கோவில்பட்டி_மருமகன்:
கடலைமிட்டாய்னு பேரு வந்துட்டு, நான் சொல்லாம போக முடியாது. பொறந்தது வள்ளியூர், பொண்ணு எடுத்தது கோவில்பட்டி. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சுது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்த ருசிய ஸ்மூத்தில கொண்டு வரணும்னா கடலைய வறுக்குற பக்குவத்துலதான் எல்லாம் இருக்கு. பாக்கெட்ல விக்கிற பீனட் பட்டர் வேண்டாம், நெறைய வகைல எண்ணெயும் சீனியும் சேத்திருக்கு. 30 கிராம் நிலக்கடலைய இரும்புச் சட்டில சின்ன தீயில பொறுமையா வறுக்கணும், தோல் வெடிச்சு வாசம் வரும், ஒரு கடலைய ஒடைச்சு பாத்தா உள்ள வெள்ளை போயி லேசா பொன்னிறமா இருக்கணும். வெளிய கருகி உள்ள பச்சையா இருந்துச்சுன்னா முழு டம்ளரும் வீணு. தோல ஊதி எடுத்துட்டு சின்ன ஜார்ல விட்டு விட்டு அரைச்சா தானா எண்ணெய் விட்டு விழுதா வரும்.

அந்த விழுது, மண்டைவெல்லம் கரைச்சு வடிகட்டி பாகு வர்ற வரைக்கும் காய்ச்சினது ஒரு ஸ்பூன், உறைஞ்ச ஏத்தம்பழம் அஞ்சாறு துண்டு, பால், ஏலக்காய் ஒண்ணு, சுக்கு ஒரு சிட்டிகை. வெல்லத்த சும்மா கரைச்சு ஊத்துனா வெல்லத்தண்ணி ருசிதான் வரும், பாகு காய்ச்சினாத்தான் மிட்டாய் ருசி. குடிக்கும்போது நாலு வறுத்த கடலைய ஒன்னும் பாதியுமா தட்டி மேல போடுங்க, பல்லுல படணும்.

சத்துணவு_தென்காசி:
ருசி சரி, கலோரிய மறந்துராதீக. 30 கிராம் கடலைல மட்டும் 170 கலோரி, பால், பழம், பாகு சேந்தா 400ஐ தாண்டும். அக்கா சொன்ன அல்வா வகை 350 பக்கம்தான் வரும், புரோட்டீன் 32 கிராம். எடை கூட்ட நெனைக்கிறவுகளுக்கு கடலை, கொறைக்க நெனைக்கிறவுகளுக்கு அல்வா.

பாளை_ஜிம்காரன்:
அல்வா வகைல கலோரி கம்மியா! இத எதிர்பாக்கவே இல்ல.

கொக்கிரகுளம்_ராத்திரிபணி:
எனக்கு மூணு சந்தேகம். பச்சை முட்டைய ஒடச்சு ஊத்தலாமா, எங்க ஜிம்ல ஒருத்தர் அப்படித்தான் குடிக்காரு. வீட்ல பனீர் பிழிஞ்ச தண்ணிய வீணாக்காம அதுல போடலாமா, அதுவும் வேதானே. பால் குடிச்சா எனக்கு வயிறு கடமுடான்னு ஆகுது, அதுக்கு என்ன வழி?

சத்துணவு_தென்காசி:
பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். சால்மோனெல்லா கிருமி பயம் ஒரு பக்கம், வேகவச்ச முட்டைல உள்ள புரோட்டீன்தான் உடம்புல நல்லா சேரும், பச்சையா குடிச்சா அந்த அளவுக்கு சேராது. வெள்ளைக்கருல உள்ள அவிடின் பயோட்டின் சத்தையும் பிடிச்சு வச்சுக்கிடும். முட்டை வேணும்னா அவிச்சு தனியா சாப்பிடுங்க.

பனீர் தண்ணி வீணில்ல, ஆனா பவுடருக்கு ஈடாகாது. பால கொதிக்க வச்சு எலுமிச்சை பிழியும்போது வே புரோட்டீனும் பெரும்பாலும் பனீரோட சேந்து திரண்டிரும், தண்ணில மிஞ்சுறது ரொம்ப கம்மி. அத சப்பாத்தி மாவு பிசைய, குழம்புக்கு ஊத்த வச்சுக்கிடுங்க. ஸ்மூத்தில ஊத்துனா புளிப்புல பால் திரியும்.

பால் ஒத்துக்கிடலைன்னா பெரும்பாலும் லாக்டோஸ்தான், அதான் பால்ல உள்ள சர்க்கரைதான் காரணம். பாலுக்கு பதிலா தயிர துணில கட்டி தொங்கவிட்டு, தண்ணி வடிஞ்ச கட்டித்தயிர் போட்டு பாருங்க, நெறைய பேருக்கு அது ஒத்துக்கிடும். பவுடர்ல கான்சன்ட்ரேட்னு போட்ட வகை வேண்டாம், ஐசோலேட்னு போட்டத வாங்குங்க, லாக்டோஸ் ரொம்ப கம்மி, வெலை கூட.

திசையன்விளை_மைனி:
கட்டித்தயிர்ல கருப்பட்டி பாகும் ஏலக்காயும் போட்டு அடிச்சா அதுவும் நல்லா இருக்கும். கோடைல நொங்கு கிடைக்கும்போது ரெண்டு சொளைய தோலெடுத்து கையால மசிச்சு மேல போடுங்க, மிக்சில அடிச்சிராதீக, அடிச்சா நீத்து போயிரும். நொங்குல புரோட்டீன் கணக்குல வராது, பதத்துக்கும் குளுச்சிக்கும்தான்.

வண்ணாரப்பேட்டை_அண்ணாச்சி:
கருப்பட்டி போட்டா சுகருக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு எல்லா எடத்துலயும் எழுதுதாகளே, அது சரியா தாயி? எனக்கு சுகர் இருக்கு.

சத்துணவு_தென்காசி:
அது சரியில்ல அண்ணாச்சி. கருப்பட்டில பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனிலயும் அதேதான். கொஞ்சம் தாது உப்பு கூடுதல், வாசம் கூடுதல், அவ்வளவுதான். சுகர் உள்ளவுக சீனி கணக்குலயே அதையும் வைக்கணும். உங்களுக்கு உளுந்து வகைய கருப்பட்டி இல்லாம, பழம் இல்லாம, சுக்கு ஏலக்காய் உப்பு மட்டும் போட்டு குடிங்க, நல்லெண்ணெய் வாசமே போதும். பால்லயே கொஞ்சம் இனிப்பு இருக்கு. குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ சுகர் பாத்துக்கிடுங்க, அது உங்க டாக்டர்ட்ட காட்ட ஒதவும்.

குற்றாலம்_சாரல்:
ஆடி மாசம் இங்க சாரல் அடிக்கும்போது குளுந்தது குடிக்க மனசு வராது. சூடா போட முடியுமா?

சிந்துபூந்துறை:
உளுந்து வகையும் பொட்டுக்கடலை வகையும் தாராளமா சூடா போடலாம். வே பவுடர் போட்டதுக்கு மட்டும் கை பொறுக்குத சூடுதான், அதுக்கு மேல போனா புரோட்டீன் திரண்டு திப்பி திப்பியா நிக்கும். கொஞ்சம் குளுந்த பால்ல பவுடர மொதல்ல குழைச்சுக்கிட்டு, அத வெதுவெதுப்பான கஞ்சில ஊத்தி கரண்டியால கலக்குங்க. சூடானத மிக்சில போட்டு மூடிய இறுக்கி அடிக்காதீக, ஆவி மூடிய தூக்கி எறியும், கை வெந்து போகும்.

பாளை_ஜிம்காரன்:
அக்கா சொன்ன மாதிரி ராத்திரி கஞ்சி காய்ச்சி வச்சு இன்னைக்கு காலைல போட்டாச்சு. கட்டி இல்ல, நுரை ஒரு விரக்கடைதான். மொத வாயில கோதுமை வாசம், முழுங்கின பெறவு அந்த செவந்த சீனி ருசி பின்னால வந்து நிக்கி. எங்க அம்மா ஒரு வாய் குடிச்சிட்டு நாளைக்கு எனக்கும் சேத்து காய்ச்சுன்னுட்டாக. ஒரே சந்தேகம், ஃப்ரிட்ஜ்ல கஞ்சி இட்லி மாதிரி இறுகிப் போச்சு, அது சரிதானா? மூணு நாளைக்கு சேத்து காய்ச்சி வைக்கலாமா?

அம்பை_அக்கா:
இறுகத்தான் செய்யும் தம்பி, கோதுமைல உள்ள மாவுச்சத்து குளுந்தா கட்டியாகும். கொஞ்சம் பால ஊத்தி மொதல்ல அத மட்டும் அடிச்சு தளத்திக்கிட்டு மிச்ச பால ஊத்து. ரெண்டு நாளைக்கு காய்ச்சி வைக்கலாம், மூடி போட்ட எவர்சில்வர் டப்பால. மூணாவது நாள் தண்ணி விட ஆரம்பிச்சிரும், லேசா புளிப்பும் தட்டும், அத பிள்ளைக்கும் குடுக்காத நீயும் குடிக்காத. பால் ஊத்தி அடிச்சத மட்டும் எடுத்து வைக்காத, ஒடனே குடிச்சிரணும். அம்மாவுக்கு போடும்போது பவுடர் வேண்டாம்னா பொட்டுக்கடலை மாவும் பால் பவுடரும் போடு, கோதுமை வாசத்தோட பொட்டுக்கடலை நல்லா ஒட்டிப்போகும்.

பாளை_ஜிம்காரன்:
சரிக்கா, அம்மாவுக்கு அப்படியே போடுதேன். மைனி, உளுந்துக்கு கருப்பட்டி வாங்கணும், நல்லத எப்படி பாத்து எடுக்க?

திசையன்விளை_மைனி:
ஒடைச்சு பாரு. நல்ல கருப்பட்டி உள்ள ஒரே சீரா கருப்பு கலந்த பழுப்பா இருக்கும், சீனி கலந்தது பளபளன்னு கற்கண்டு கணக்கா மின்னும். நாக்குல வச்சா இனிப்போட லேசான உப்பும் ஒரு கரிப்பும் தெரியணும், வெறும் இனிப்பா இருந்தா வைச்சிட்டு வா. உடன்குடி பக்கம் ஆள் போனா சொல்லி விடு, அங்கத்த கருப்பட்டிக்கு புவிசார் குறியீடே இருக்கு. மழைக்காலத்துல கசிஞ்சு ஒழுகும், காத்து போகாத டப்பால வை.